சுக்கான் இல்லாத கப்பலுக்கு ஒரு சொல்: 'துழாவி' சரிவருமா?

வணக்கம்.

சுக்கான் இல்லாமலே கப்பலை எத்திசைக்கும் ஓட்டும் வொய்த்-ஷ்னைடர் (Voith-Schneider) உந்துமுறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. 'செங்குத்து அலகுச் சுழல் உந்துபொறி' பொருள் பிசகாமல் இருக்கிறது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் படகு கரை சேர்ந்துவிடும். 'உருள்வரை உந்தி' கணக்கு வாத்தியார்களுக்குப் புரியும் (உருள்வரை என்பது உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைகோடு). தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரான 'வொய்த்' என்றே இருக்கட்டும் என்ற நண்பருக்கு: 'ஜெராக்ஸ்' கடையோடு அந்தப் பழக்கம் போதுமே.

பொறி செய்யும் வேலையிலிருந்து தொடங்கலாம். கப்பலின் அடிப்பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வட்டத் தட்டு. அதிலிருந்து நாலைந்து நீண்ட அலகுகள் (பிளேடுகள்) நீருக்குள் நேராகத் தொங்கும். தட்டு சுற்றும்போது ஒவ்வொரு அலகும் தன் அச்சில் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொடுக்கும். அந்தத் திருப்பத்தை மாற்றினால், சுற்றும் வேகம் அப்படியே இருக்க, தள்ளுவிசை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என எத்திசைக்கும் போகும். தனியாகச் சுக்கான் வேண்டாம். துறைமுகத்து இழுவைப்படகுகள் இதை விரும்புவது அதனால்தான். ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் ஷ்னைடர் இதை முதலில் நீர்மின் விசையாழியாகத்தான் நினைத்தார். விசையாழியாக அது எடுபடவில்லை. படகைத் தள்ள எடுபட்டது. 1928-இல் சோதனைப் படகு ஓடியது.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், கொளத்தூர் பக்கம் கோட்டையூர்த் துறையில் பரிசல் ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள். பரிசல் வட்டம், அதற்கு முன்பின் கிடையாது, சுக்கானும் கிடையாது. பரிசல்காரர் விளிம்போரம் குந்தி, ஒற்றைத் துடுப்பை நேராக இறக்கி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பித் தண்ணீரைத் தன்பக்கம் வாருவார். எந்தப் பக்கம் துழாவுகிறாரோ அந்தப் பக்கம் பரிசல் போகும். அந்தக் கையை இயந்திரமாக்கினால் கிடைப்பது ஷ்னைடரின் பொறிதான். (அவர் பரிசலைப் பார்த்தார் என்று கதை கட்டவில்லை!) எங்கள் வீட்டில் ராகிக் களி கிண்டும் கட்டைக்கும் துடுப்பு என்றுதான் பெயர். கிண்டுவதும் ஓட்டுவதும் தமிழில் முன்பே ஒரே கருவிக்குள் இருக்கின்றன.

ஆகவே என் முன்மொழிவு: துழாவி. அலகுக்குத் துடுப்பு என்ற பெயரே போதும். 'ஐந்துதுடுப்புத் துழாவி' என்றால் பார்க்காதவருக்கும் கொஞ்சம் உருவம் தெரியும்.

'துழவை' என்றும் யோசித்தேன். பழந்தமிழில் அது கூழ். கப்பலுக்கு அடியில் கூழ் வேண்டாம்.

– சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து

*

ஐயா,

துழாவி நன்றாக இருக்கிறது. ஒரே நெருடல்: அது வினையெச்சமும் அல்லவா? 'துழாவி நின்றது' என்று எழுதினால், பொறி நின்றதா, படகு துழாவிவிட்டு நின்றதா?

*

அம்மா,

நியாயமான கேள்வி. ஆனால் 'உந்தி'க்கும் இதே சிக்கல் உண்டு. போதாததற்கு அது தொப்புளும்கூட. இருந்தும் நாம் விடவில்லையே. வேற்றுமை உருபு ஏறினால் குழப்பம் போய்விடும். கையேட்டு நடையில் எழுதிப் பார்த்தேன்: 'கரை அணையும்போது இடதுபுறத் துழாவியை முதலில் திருப்புக.' 'துழாவியின் துடுப்பில் வலை சிக்கினால் பொறியை நிறுத்துக.' இடறவில்லை. உங்கள் வாக்கியத்தையும் 'துழாவி நின்றுபோயிற்று' என்று எழுதினால் தப்பிக்கலாம். முழுத் தீர்வு இல்லைதான்.

எனக்கு இடிப்பது வேறு. துடுப்புகளைத் தாங்கும் அந்த வட்டத் தட்டுக்கு என்ன பெயர்? 'வட்டு' என்றால் கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சக்கரத்துக்கான பழஞ்சொல்லான 'திகிரி' என்று வைக்கலாமா?