பின்னணிப் படத்தை இருத்துவதா, பொருத்துவதா?

கிளிநொச்சி, ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்புக்காக எழுதிவரும், இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பெட்டிக்குள் பின்னணிப் படம் எங்கே அமையும் என்பதைச் சொல்லும் ‘பக்கிரவுண்ட்-பொசிஷன்’ என்னும் பண்புக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘பின்னணி நிலை’ என்று எழுதலாமென்றால், ‘பொசிஷன்’ என்றே வேறொரு பண்பு உண்டு. அதற்கு முன்னைய அத்தியாயத்தில் ‘நிலை’ என்று எழுதிவிட்டேன். பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பும் அடங்கும் பெட்டியை விளக்கப் பிள்ளைகளுக்கு வளவைக் காட்டுகிறேன்: வீடு உள்ளடக்கம், முற்றம் உள்ளிடைவெளி, வேலி எல்லைக்கோடு, வெளியே ஒழுங்கை வெளியிடைவெளி. நாம் ஒன்றும் குறிப்பிடாவிட்டால், படம் வேலியின் உட்பக்கத்து இடது மேல்மூலையிலிருந்து தொடங்கும். ‘பின்னணி இருப்பு’ பொருந்துமா?

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகள், ‘இருப்பு’ வேண்டாம். அது கடைக்காரரின் கணக்கில் கிடக்கட்டும். படம் தானாக இருப்பதில்லை, நாம் அதை இருத்துகிறோம். ‘நட’ என்பதற்கு ‘நடத்து’ போல, ‘இரு’ என்னும் தன்வினைக்கு ‘இருத்து’ பிறவினை. ஆகவே ‘இருத்துகை’ என்க. ‘இருத்தல்’ என்று எழுதினால் தன்வினையாகிவிடும். முல்லைத்திணையின் உரிப்பொருளும் இருத்தலே, அங்கே தலைவி ஆற்றியிருக்கிறாள், அவளை எவரும் கொண்டுவந்து இருத்தவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்னொன்று: ‘பக்கிரவுண்ட்-ஒரிஜின்’ வரும்போது ‘உற்பத்தி’ என்று எழுதிவிடாதீர்கள், அது வடசொல். ‘தோற்றுவாய்’ இருக்கிறது.

வவுனியா, இணையத்தள வடிவமைப்பாளர்:
ஐயாவின் இலக்கணத்தோடு எனக்குப் பிணக்கில்லை, பொருளோடுதான் பிணக்கு. 600 பிக்சல் அகலமான பெட்டியில் 200 பிக்சல் படத்துக்கு 25% கொடுத்தால், அது 150ஆவது பிக்சலில் தொடங்கும் என்றே புதியவர்கள் எண்ணுவார்கள், தொடங்குவதோ 100இல். பெட்டியின் அகலத்திலிருந்து படத்தின் அகலத்தைக் கழித்து வரும் 400க்கே அந்தச் சதவீதம் கணிக்கப்படுகிறது. படத்தின் காற்பங்குப் புள்ளி பெட்டியின் காற்பங்குப் புள்ளியோடு பொருந்துகிறது என்பதே இதன் கருத்து. இரண்டும் ஒரே அகலமானால் எந்தச் சதவீதமும் படத்தைக் கிடையாக அசைக்காது. எனவே ‘பொருத்துகை’ என்பதே என் தெரிவு. ‘ஒரிஜின்’ இங்கே புள்ளியே அல்ல. உள்ளடக்கம், உள்ளிடைவெளி, எல்லைக்கோடு என்னும் மூன்று பெட்டிகளில் எதிலிருந்து அளப்பது என்பதையே அது சொல்கிறது. உற்பத்தியும் தோற்றுவாயும் ஒருசேரத் தவறு. ‘அளவைப் பெட்டி’ என்போம்.

மாங்குளம், மொழிபெயர்ப்பாளர்:
‘20 பிக்சல்’ என்று எழுதும்போது எந்தப் பங்கும் எந்தப் பங்கோடும் பொருந்துவதில்லை. படத்தின் இடது விளிம்பு அவ்வளவு தள்ளிப் போகிறது. பண்பின் எல்லாப் பெறுமானங்களையும் சொல் தாங்கவேண்டும், ‘இருத்துகை’ தாங்குகிறது. காலமுறை பார்த்தால் ‘நிலை’ இப்பண்புக்கே உரியது: இது சி.எஸ்.எஸ். மொழியின் 1996ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே உண்டு, ‘பொசிஷன்’ 1998இன் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆயினும் அந்த வழக்கை இப்போது தொடுக்க நேரமில்லை. ‘உற்பத்தி’ வடசொல் என்பதற்காக விலக்குவதை மட்டும் ஏற்கமாட்டேன். வரைபுத்தாளில் அச்சுகள் வெட்டும் புள்ளிக்குப் பிள்ளைகள் கற்ற சொல் அது, தமிழ்நாட்டார் சொல்லும் ‘ஆதி’யும் வடசொல்லே. பெட்டி என்ற காரணத்துக்காக விலக்கினால் சம்மதம்.

கிளிநொச்சி, ஆசிரியை:
இருவர் பக்கம் சாய்ந்து ‘பின்னணி இருத்துகை’ என்றும், வவுனியாவின் சொற்படி ‘அளவைப் பெட்டி’ என்றும் எழுதுகிறேன். பின்னணி எதுவரை தெரியும் என்பதைச் சொல்லும் ‘கிளிப்’ என்பதற்கு ‘வெட்டெல்லை’ என்று முன்பே எழுதியதை எவரும் மறுக்காததால் அப்படியே விடுகிறேன். படம் வேலிக்கு அடியிலும் பரவுவது அந்த வெட்டெல்லையாலேயே என்று ஒரு வரியும் சேர்க்கிறேன்.

வவுனியா, இணையத்தள வடிவமைப்பாளர்:
அச்சிடுங்கள், ஆனால் என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். 600, 200 உதாரணத்தை அடிக்குறிப்பில் தள்ளாமல் பத்திக்குள்ளேயே வையுங்கள். படத்தை உலாவிச் சாளரத்தோடு நிலைப்படுத்தும் ‘பிக்ஸ்ட்’ பெறுமானம் வந்தால் அளவைப் பெட்டி கணக்கிலேயே எடுக்கப்படாது, இருத்துவது சாளரத்தை வைத்தே நடக்கும். அந்த இடத்தில் வளவு உதவாது, ஆசிரியை.