உயர்தரத்துக்கும் கம்பஸுக்கும் நடுவில் ஒரு வருஷம்: மலையகத்தில் எப்படிக் கழிக்கலாம்?

பனிமூட்டம், நோர்வூட்

உயர்தரப் பரீட்சை முடிந்து கம்பஸ் (பல்கலைக்கழகம்) தொடங்கும்வரை கிட்டத்தட்ட ஒரு வருஷம் கிடைக்கிறது. கொழும்புக் கடை வேலைக்குப் போகாமல், தேயிலைத் தோட்டத்திலேயே இருந்து உடம்பைத் தேற்றி, எழுதிப் பழகி, ஒரு கலையையும் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எங்கே பிழைக்கும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரெட்டைப்பாதை, மஸ்கெலியா

தம்பி, முதலில் கலண்டரை எடுத்து மழையைக் குறியுங்கள். நம் பக்கம், அதாவது ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் தென்மேல் பருவமழைக்கு நேரே நிற்கிற சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை நனையாமல் வெளியே போய்வர முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில். நடை, ஓட்டம், ஆட்களைப் போய்ப் பார்ப்பது எல்லாம் வெயில் மாதங்களுக்கு. எழுத்து, வாசிப்பு, கைவேலை மழை மாதங்களுக்கு. ஜூன் மாதத்தில் "தினமும் 5 கிலோமீற்றர் ஓடுவேன்" என்று தொடங்குகிறவர்கள் இரண்டாவது கிழமையே நிறுத்திவிடுகிறார்கள். குற்றம் மனவுறுதியில் இல்லை. சப்பாத்து காய்வதில்லை, அவ்வளவுதான்.

நடைக்கு முதல் மாதம் கார்ட் ரோடு (தோட்டத்து வண்டிப் பாதை) போதும். காலை 6 மணியிலிருந்து 30 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். இரண்டாம் மாதம் ஏற்றத்தைச் சேருங்கள். தேயிலை மலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஏறுவது நெஞ்சுக்கு நல்லது. இறங்குவதுதான் முழங்காலைக் கெடுக்கும். நேராக இறங்காமல் பாதையின் அகலத்துக்குள் இடம் வலமாக வளைந்து, முழங்காலைச் சற்று மடக்கி, சின்ன எட்டு வைத்து இறங்குங்கள். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும், கால்நகத்தை ஒட்ட வெட்டியிருக்கட்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் முட்டி நகம் கறுத்துப்போகும். பாசி பிடித்த கல்படியில் சிலிப்பர் வேண்டவே வேண்டாம்.

இப்படி மூன்று மாதம் நடந்த கால் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறத் தயாராகிவிடும். உயரம் 2243 மீற்றர், படிகள் 5000க்கும் மேல். பருவகாலம் டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை. உச்சியில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். வியர்த்த பனியனை மாற்ற ஒரு காய்ந்த பனியன் பையில் கட்டாயம் வேண்டும்.

அட்டைக்கு: காற்சட்டையை மேஸுக்குள் (காலுறைக்குள்) செருகி, மேஸின் மேல் ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேயுங்கள். மழையில் கரைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். வாய் ஒட்டியிருக்கும் ஓரத்தில் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கடிவாய் நெடுநேரம் கசியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியை வைத்து அழுத்தினால் போதும்.

குளவி அப்படியல்ல. கூடு தெரிந்தால் அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள். கல்லெறிவது, புகை போடுவது, சென்ட் பூசிக்கொண்டு மலைக்குள் போவது எதுவும் கூடாது. கலைந்து வந்தால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடிக் கட்டடத்துக்குள் நுழையுங்கள். பல கொட்டு வாங்கியவர், உதடு வீங்கியவர், மூச்சுத் திணறுகிறவர் என்றால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திராமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். அது இலவசம்.

ஊவாக்காற்று, பசறை

மேலே சொன்ன கலண்டர் எங்களுக்குத் தலைகீழ் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சியும் காற்றும். ஆகவே நாங்கள் நடக்கிற மாதங்களில் நீங்கள் எழுதுவீர்கள், நீங்கள் நடக்கிற மாதங்களில் நாங்கள் எழுதுவோம். ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இரண்டு பக்கத்துக்கும் பின்னேர இடிமின்னல் காலம். பகல் ஒரு மணிக்கு முன்பே திறந்த மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

பெருமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்; மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள், வீட்டாரையும் எழுப்புங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

வல்லாரைக்கஞ்சி, தலவாக்கலை

உடம்பைத் தேற்றுவது என்றால் தேத்தண்ணியிலிருந்து தொடங்குங்கள். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதே இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். இரத்தம் குறைந்த பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

சீனிக்கணக்கும் உண்டு. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறக்குறைய 75 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை 50 கிராம் அளவில், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரேயடியாக விடாமல் கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் (கேழ்வரகு) மா சேர்த்து வெந்நீரில் குழையுங்கள். அதற்கு மேல் போட்டால், குரக்கனில் கோதுமை மாவின் ஒட்டுந்தன்மை இல்லாததால், தட்டும்போதே வெடிக்கும்.

தொங்கல்காம்பரா, பொகவந்தலாவை

எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். நாவல் எழுதப் போகிறேன் என்று வெள்ளைத்தாளின் முன் உட்காராதீர்கள். நம்மைச் சுற்றி எழுதப்படாமல் கிடப்பது ஏராளம், அதைச் சேர்ப்பதே நல்ல பயிற்சி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்ததால் பல பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. அவர் காதில் விழாதவை இன்னும் நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உள்ள அப்பாயிகளின் (பாட்டிமாரின்) நெஞ்சில் இருக்கின்றன. அவர்கள் போனால் பாட்டும் போய்விடும். இதைவிட அவசரமான எழுத்து வேலை நமக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெயில் மாதங்களில் பதிவு, மழை மாதங்களில் எழுத்து. இதற்குக் காரணம் தகரக்கூரை. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்காது, போன் எங்கே பதியும்? பதியும்போது போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். பாடுகிறவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில், மடித்த துவாயின் மேல் வையுங்கள். மேசையில் வைத்தால் கை தட்டுவதெல்லாம் இடியாக விழும். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) காற்று அடித்தால் மைக் இருக்கும் முனையை மெல்லிய கைக்குட்டையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். பாட்டைத் தொடங்குமுன் திகதி, தோட்டம், டிவிஷன், யாரிடம் கற்ற பாட்டு என்பதை உங்கள் குரலில் சொல்லிப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எது யாருடைய பாட்டு என்று தெரியாமல் போகும்.

எழுதி எடுக்கும்போது 10 நிமிடப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சொன்னபடியே எழுதுங்கள். "பெரட்டு" என்றால் "பெரட்டு"தான். அதைத் திருத்தி "அணிவகுப்பு" என்று எழுதினால் விடியற்காலைக் குளிரில் கம்பளியும் படங்குமாகப் பேர் கொடுக்க நின்ற அந்தக் களமே மறைந்துபோகும். சொற்களுக்குத் தனிக் கொப்பி வையுங்கள்: கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிப்பு இடம்), கங்காணி (வேலை மேற்பார்வையாளர்), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை). காம்பரா (அறை) போர்த்துக்கீசச் சொல்லிலிருந்தும், இஸ்தோப்பு டச்சுச் சொல்லிலிருந்தும் வந்தவை. ஒவ்வொரு சொல்லின் கீழும் அது பேச்சில் வந்த ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். பொருளை மட்டும் எழுதி வைத்தால் பிறகு கதைக்கு உதவாது.

நாளைக்கு 45 நிமிடம், கையெழுத்தில், ஒரு பக்கம். ஒரே நேரம், ஒரே இடம். லயத்துக் காம்பராவில் டிவி ஓடும் என்றால் காலை 5 மணியோ, எல்லாரும் மலைக்குப் போன 9 மணியோதான் சரி. முதல் மூன்று மாதம் எழுதியதைத் திருத்தாதீர்கள்.

பனிமூட்டம், நோர்வூட்

அக்கா, ஒப்பாரி கேட்டால் வீட்டில் ஏசுகிறார்களே, என்ன செய்வது?

தொங்கல்காம்பரா, பொகவந்தலாவை

ஏசுவது நியாயம், தம்பி. சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்பது பெரியவர்கள் நம்பிக்கை. வெளியே ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள், அல்லது ராகமில்லாமல் வரிகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தாலாட்டில் தொடங்கினால் இன்னும் நல்லது. தாலாட்டுப் பாடியவர் தெம்மாங்குக்குத் தானாக வருவார். ஒப்பாரியைக் கடைசியாகக் கேளுங்கள், பாடிய பிறகு எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருங்கள்.

அச்சுக்கூடம், கண்டி

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோடில் எழுதிச் சேமியுங்கள். பத்திரிகைக்கோ அச்சகத்துக்கோ பாமினி (பழைய எழுத்துரு) வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பிரதியை மாற்றிக் கொடுங்கள். மாற்றிய பிறகு ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களையும் 'ஸ்ரீ'யையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். பதிவுகளுக்கு மூன்று பிரதி: போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

வல்லாரைக்கஞ்சி, தலவாக்கலை

இன்னொன்று. பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்ப முடிவுத் திகதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கூட்டாளிகள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட பிறகு தனியாக இருக்கிற பிள்ளைகள் தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல் இரண்டு கிழமைக்கு மேல் கிடந்தால் சோம்பல் என்று ஏசாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அழைத்துப் பேசலாம்.

மாசிக்காமன், மடுல்சீமை

கலை என்று கேட்டிருந்தீர்கள். தப்பு என்ற தோல்பறையைப் பழகுங்கள். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த கருவியை இன்று நம் பிள்ளைகள் மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிறார்கள், பெண்பிள்ளைகளும் அடிக்கிறார்கள். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும் இரவுக்கு இரவு பாட்டும் தப்பும் இருக்கும். அந்த நாட்களுக்கு முன் மூன்று மாதம் பழகியிருந்தால் கூட்டத்தோடு சேர்ந்து அடிக்கலாம். வலது கையில் கட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி. முதல் மாதம் இரண்டு குச்சியும் சேர்ந்து அடிப்பதில்லை. அடிக்குச்சியால் மட்டும் ஒரே சீராக 10 நிமிடம் அடிக்க வர வேண்டும். கை வலித்தால் தோளிலிருந்து அடிக்கிறீர்கள் என்று அர்த்தம், மணிக்கட்டு சுழல வேண்டும்.

நம் பனியில் தோல் சீக்கிரமே தளர்ந்துவிடும். அதனால் காய்ச்சுவதும் பாடத்தில் ஒரு பாதி. விறகு நெருப்பு கூடாது. காய்ந்த மானாப்புல்லோ கடதாசியோ மெல்லிய சுடராக எரியட்டும். தப்பை ஒரு முழ உயரத்தில் பிடித்து, தோல் நெருப்பைப் பார்க்க, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இடைக்கிடை விரலால் தட்டுங்கள். "தொப்" என்ற சத்தம் "டிங்" என்று எழும்பும்போது எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் சூடு நின்றால் தோல் அங்கே சுருங்கி, அடுத்த அடியில் கிழியும். விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டு இளகியிருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள். வைக்கும்போது பொலித்தீன் பைக்குள் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். குசினியில் அடுப்புக்கு மேல், புகை படும் உயரத்தில், தோல் சுவரைப் பார்க்க ஆணியில் மாட்டிவிடுங்கள். உங்கள் எழுத்துக் கொப்பிகளுக்கும் மழை மாதத்தில் அந்தப் பக்கத்துத் தட்டுத்தான் நல்ல இடம்.