சேலத்திலிருந்து நார்வேக்குக் குழந்தைகளோடு கிளம்புகிறவர்களுக்கு

நார்வேயில் இருக்கிற நான் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டுத் தம்பி, அடுத்த மாதம் ஆறு வயதுப் பையனோடு பெர்கன் போகிறவர், "அக்கா, அங்கே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாமே" என்று கேட்டார். கிளம்புகிற எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

பயப்படுவதில் தப்பில்லை. 2011ல் ஸ்டாவாங்கர் என்கிற நார்வே நகரத்தில் ஓர் இந்தியக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைப் பிரித்தது நம் பேப்பர்களில் எல்லாம் வந்ததே. ஆனால் பார்னவேர்ன் என்கிற அந்த நாட்டு அரசின் குழந்தைகள் நலச் சேவை கையில் எடுக்கிற குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது, பிள்ளை வீட்டிலேயே இருக்க, பெற்றவர்களுக்கு உதவுவதுதான்.

முதலில் அடி. "முதுகில் ரெண்டு வை, அடங்கிடுவான்" என்று பாட்டி சொல்வது இங்கே சாதாரணம். அங்கே 1987லிருந்தே பெற்றவர்களும் அடிக்கக் கூடாது. லேசாகத் தட்டுவதும், "தோலை உரிச்சிடுவேன்" என்று மிரட்டுவதும்கூட அதில் சேர்த்திதான்.

என் மகள் நாலு வயதில், அம்மா கரண்டியால் அடித்தாள் என்று பாலர் பள்ளியில் சொல்லிவிட்டாள். உண்மைதான், ஒருமுறை அடித்தேன். அப்படிக் கேள்விப்பட்டால் தெரிவிக்க வேண்டியது ஆசிரியர்களின் சட்டக் கடமை, அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தகவல் போனால் ஒரு வாரத்துக்குள் பார்த்து, விசாரணை தேவையா என்று முடிவு செய்வார்கள். விசாரணை சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். வாயையே திறக்காதே என்று வீட்டில் சொன்னார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிள்ளை அடம்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார், சில மாதத்தில் கேஸை மூடிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. முதல் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வந்தார்கள், எட்டு வயது மகனைப் பேசச் சொன்னார்கள், நானும் சம்மதித்துவிட்டேன், பாவம் அவன் தங்கச்சி அடிவாங்கியதை அவன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. "தமிழ் தொல்க் வேண்டும்" என்று கேளுங்கள் (தொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர்), அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பிள்ளையைப் பிரிப்பது என்ற பேச்சு தீர்ப்பாயம் வரை போனால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெற்றவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

அரசு பிள்ளைக்காக நடுவில் வருவது நமக்கும் புதிதில்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்ததே சேலத்தில்தான். இங்கே 1098 மாதிரி அங்கே பிள்ளைகள் தாங்களே கூப்பிட 116 111 இருக்கிறது. தம்பி, போனதும் அந்த நம்பரைப் பையனுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.