பூஞ்சாணத்துக்கும் ராத்திரி வேண்டும்: உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

அகார்தட்டு: முதுகலை ஆய்வுக்காகத் தக்காளி இலைக்கருகல் பூஞ்சாணத்தை, அதாவது ஆல்டர்னேரியா சொலானியை, வளர்த்தேன். உருளைக்கிழங்கு அகார் (பூஞ்சாணம் வளர்க்கும் ஜெல்லி) தட்டில் வைத்து இருட்டு இன்குபேட்டரில் மூடிவிட்டேன். பத்து நாளில் தட்டு நிறைய கருஞ்சாம்பல் மெத்தை. ஆசையாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெறும் இழை. ஒரு வித்துகூட (பூஞ்சாணம் பரவ உதவும் ஸ்போர்) இல்லை. வித்து இல்லாமல் செடியில் எதைத் தெளிப்பது?

சீனியர் அக்கா கேட்டார்: "வெளிச்சம் காட்டினியா?" பச்சையமே இல்லாததற்கு வெளிச்சம் எதற்கு என்று எனக்குள் ஒரு இளக்காரம். சரி என்று பிளாக் லைட் (புற ஊதா ஒளி தரும்) டியூபுக்கு அடியில் மூன்று நாள் ராப்பகலாக வைத்தேன். இந்த முறை குட்டைக் காம்புகள் நாற்றங்கால் மாதிரி நிமிர்ந்து நின்றன. நுனிதான் மொட்டை!

அக்கா சிரித்துவிட்டார். காம்பு விட வெளிச்சம் வேண்டும். நுனியில் வித்து கட்ட இருட்டு வேண்டும். அந்த நேரத்தில் நீல ஒளி பட்டாலே வேலை நின்றுவிடுமாம். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றிய பிறகுதான் வித்துகள் வந்தன: பழுப்பு நிறத்தில், உள்ளே கட்டம் கட்டமாக, நீள வாலோடு.

நெல்மணி: விதையில் பூஞ்சாண நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையிலும் இதே கதைதான். ஈரத்தாளில் தட்டுக்கு 25 நெல் என 400 விதை. பிளாக் லைட்டும் இருட்டும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். எட்டாம் நாள் பார்ப்போம். ஒரு தடவை டியூப் ஃபியூஸாகி, எலக்ட்ரீஷியன் சாதா வெள்ளை டியூபை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் செம்புள்ளி நோய் அநேகமாக எந்த மாதிரியிலும் இல்லை! விதைமேல் வெள்ளைப் பஞ்சு இருந்தது, ஆனால் வித்து இல்லாமல் அது எந்தப் பூஞ்சாணம் என்று எப்படிச் சொல்வது? அத்தனையையும் மறுபடி போட்டோம்.

வடதுருவன்: நான் இருப்பது நார்வே. இங்கே ஸ்ட்ராபெர்ரி கூடாரத்தில் சாம்பல் நோய்க்கு யு.வி.-சி (கிருமி கொல்லும் புற ஊதா ஒளி) விளக்கு கட்டிய ரோபோ ஓடும், நடுராத்திரியில் மட்டும். பகலில் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டேன். யு.வி. உடைத்த டி.என்.ஏ.வை அந்தப் பூஞ்சாணம் பகல் வெளிச்சத்தின் நீலக் கதிரை வைத்தே ஒட்டிக்கொள்ளுமாம். இருட்டில் அடித்தால் அதற்கு வழியில்லை. அதனால் எங்களுக்கு நைட் ஷிஃப்ட்.

அகார்தட்டு: ஜூனில் உங்கள் ஊரில் ராத்திரியே சரியாக வராதே, என்ன செய்வீர்கள்?