கலைச்சொல் உதவி: குழுத் திட்டப்பணியில் ‘பேக்லாக்’

அனைவருக்கும் வணக்கம்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 5 பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுத வேண்டும். அதை எப்படித் திட்டமிடுவது என்று 12 பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குப் போகிறது. ஸ்பிரிண்டுக்கு, அதாவது சில வாரத்தில் முடிக்கும் ஒரு கட்ட வேலைக்குச் ‘சுற்று’ என்று போட்டேன், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்தான் இடிக்கிறது.

போன ஆண்டு ‘நிலுவை’ என்று எழுதினேன். நூலக மென்பொருள் செய்த குழு, ஆய்வகப் பலகையில் அந்தத் தலைப்பின் கீழ் சீட்டு ஒட்டியது: ‘உறுப்பினர் பதிவு’, ‘புத்தகத் தேடல்’, ‘தாமதக் கட்டணம்’. எடுத்துச் செய்பவர் சீட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. கேட்டால், “நிலுவைன்னு போட்டு அதுக்குக் கீழ என் பேரா மேடம்?” என்றாள். அவளுக்கு 2 அரியர், அதாவது தேறாத தாள், இருந்தது. வேலைக்கான படிவங்களில் அரியரைத்தான் பேக்லாக் என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

செ., மதுரை

---

அன்புள்ள செ. அம்மா,

பேக்லாக் முதலில் அடுப்புச் சொல். குளிர்நாட்டு வீடுகளில் கணப்பின் பின்பக்கம் பெரிய கட்டை ஒன்றை வைப்பார்கள். முன்னால் சுள்ளி எரிந்து தீர, அது மெல்லக் கனன்று நெருப்பைக் காக்கும். அதிலிருந்து ‘இருப்பு’, அப்புறம் ‘முடியாமல் குவிந்த வேலை’ என்று பொருள் நகர்ந்தது. இனி வள்ளுவரைப் பாருங்கள், வினைசெயல்வகை, 674:

வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால்
தீயெச்சம் போலத் தெறும்.

வேலையின் மிச்சத்துக்கு நெருப்பின் மிச்சமே உவமை! அஞ்சு அச்சம் ஆனது போல, மிஞ்சு மிச்சம் ஆனது போல, எஞ்சு எச்சம் ஆனது. சொல் கையிலேயே இருக்கிறது. ‘வினையெச்சம்’ இலக்கணத்துக்குப் போய்விட்டதால் ‘பணியெச்சம்’ என்று வையுங்கள்.

ந., திருநெல்வேலி

---

ந. ஐயா, குறள் அபாரம். ஆனால் இன்றைக்கு ‘எச்சம்’ என்று பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்குக் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பேக்லாக்கில் இருப்பது மிஞ்சிப்போன வேலை இல்லை, இன்னும் தொடங்காத வேலை. முதல் நாள் எல்லா வேலையும் அங்கேதான் இருக்கும். யாரும் எதையும் தவறவிடவில்லை. நிலுவை, மிச்சம், எச்சம் எல்லாமே கடன்காரனைக் கூப்பிடுவது போல் இருக்கிறது.

என் ஓட்டு ‘பேக்லாக்’குக்கே. நேர்முகத் தேர்வில் அந்தச் சொல்லைத்தான் கேட்பார்கள். வேலைச் சீட்டுகளைப் பலகையில் ஒட்டி நகர்த்தும் முறைக்குப் பெயரான ‘கான்பான்’ ஜப்பானியச் சொல், பெயர்ப்பலகை என்று பொருள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லையே.

வி., கோயம்புத்தூர்

---

செ. ரீச்சர், வணக்கம். நாங்கள் இங்கே திட்டப்பணியைச் ‘செயற்றிட்டம்’ என்றுதான் எழுதுகிறோம். லகரமும் தகரமும் சேர்ந்தால் ‘ற்ற’ வர வேண்டும், ‘செயல்திட்டம்’ என்று பிரித்து எழுதுவது கண்ணை உறுத்துகிறது. அது நிற்க. ‘செய்பணி’ என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், வாயில் நிற்கும்.

இ., யாழ்ப்பாணம்

---

இ. ஐயா, செய்பணி வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம். செய்த பணி, செய்கின்ற பணி, செய்யும் பணி மூன்றுமே அதற்குள் இருக்கின்றன. செ. அம்மாவின் பலகையில் மூன்று பத்திகள் இருக்கும்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. உங்கள் சொல் மூன்றுக்கும் பொருந்தும், ஒன்றை மட்டும் சுட்டாது. முழுப் பலகைக்கும் ‘செய்பணிப் பலகை’ என்று பெயர் வைக்கலாம், அழகாக இருக்கும்.

ந.

---

எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று தருகிறேன்: ‘பணிக்குதிர்’. அறுவடை நெல்லை மேலே கொட்டுவோம், தேவைப்படும்போது அடியில் உள்ள வாயைத் திறந்து எடுப்போம். குதிரில் நெல் இருந்தால் வீட்டுக்கு நிம்மதி. வேலை இருப்பதும் அப்படித்தான், வெட்கப்பட என்ன இருக்கிறது?

கு., திருவாரூர்

---

கு. அண்ணா, நெஞ்சைத் தொட்ட சொல். ஆனால் குதிரில் முதலில் போட்டதுதான் முதலில் வரும். கணினியில் அதைச் ‘சாரை’ என்று பாடம் நடத்துகிறோம். பேக்லாக்கில் எது முக்கியமோ அது முதலில் வரும், நேற்றுச் சேர்த்த சீட்டு இன்று உச்சிக்கு ஏறலாம். மாணவர்கள் சறுக்குவதே இந்த இடத்தில்தான். முகப்புப் பக்கத்துக்கு வண்ணம் தேடி 2 வாரம் போய்விடும், புத்தகம் கடன் கொடுக்கும் பகுதி கடைசி இரவில் கிடக்கும். ஆகவே சொல்லில் வரிசை தெரிய வேண்டும். ‘நிகழ்ச்சி நிரல்’ போலப் ‘பணிநிரல்’?

வி.

---

நேற்று பேக்லாக்குக்கு ஓட்டுப் போட்ட தம்பியா இது! மகிழ்ச்சி. ஆனால் நிரல் என்றால் இன்று புரோகிராம் அல்லவா? ‘பணிநிரல்’ என்றதும் பணியைச் செய்யும் புரோகிராம் என்று நினைக்க மாட்டார்களா?

கு.

---

நினைக்கலாம்தான். வகுப்பில் 4 பேரிடம் கேட்டுப் பார்த்தேன். 3 பேர் ‘செய்ய வேண்டிய வேலைகளோட லிஸ்ட்’ என்றார்கள், ஒருவன் நீங்கள் சொன்னபடி சொன்னான். எனக்கு இனி நாள் இல்லை. ‘பணிநிரல்’ போடுகிறேன். நேர்முகத் தேர்வுக்காக ‘பேக்லாக்’ என்று அடிக்குறிப்பும் தருகிறேன். பலகைக்குச் ‘செய்பணிப் பலகை’. எல்லாருக்கும் நன்றி.

செ.

---

அம்மா, அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பை மட்டும் பதிந்துவைக்கிறேன். எச்சம் குறையைச் சொல்லும் சொல் என்று வி. தம்பி எழுதினார். ‘படித்த’ என்பது பெயரெச்சம். அதில் பிழை ஒன்றும் இல்லை, ‘பெண்’ என்றோ ‘பாடம்’ என்றோ ஒரு பெயர் வந்து முடித்துவைக்கக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். பலகையில் ஒட்டிய சீட்டும் அப்படித்தானே ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது? அந்த மாணவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கையேட்டில் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

ந.