பயனியர் குடும்பம்: 'பதியெழுகுடி' பொருந்துமா?

வணக்கம்.

பயனியர் (pioneer) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முன்னோடி' போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். அறிவியலாளருக்கும் கவிஞருக்கும் சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே குடியேற ஆரிகன் பாதையில் போன குடும்பங்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் ஓடவில்லை, எருதுகளின் வேகத்தில் நடந்தார்கள். மிசௌரியிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர், ஐந்தாறு மாதம். வண்டி நிறைய மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் இருக்கும் என்பதால் பிள்ளைகளும் பெரும்பாலும் நடைதான். மரமில்லாத சமவெளியில் காட்டெருமைச் சாணம் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். அதை வறட்டி என்றே எழுதலாம்.

1847இல் அயோவாவிலிருந்து ஹெண்டர்சன் லூயெலிங் மனைவி மக்களோடு கிளம்பினார். வண்டியில் மண் நிரப்பி, சுமார் 700 பழமரக் கன்றுகளை நட்டு எடுத்துப் போனார். இந்தச் சுமை வேண்டாம், விட்டுவிடு என்று உடன் வந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. வழியெல்லாம் தண்ணீர் ஊற்றினார். ஏறக்குறைய பாதி பிழைத்தன. ஆரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் பழத்தோட்டத் தொழில் அந்தக் கன்றுகளால்தான் வேரூன்றியது. காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தே சுமந்த அந்தப் பொறுமை 'முன்னோடி'யில் எங்கே இருக்கிறது? எனக்கு 'குடி' வேண்டும். குடும்பம், குலம், வீடு மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

அதற்காக 'முதற்குடி' என்று வைத்துவிட முடியாது. வில்லாமெட் வெற்று நிலம் அல்ல, கலப்பூயா என்ற பூர்வகுடி மக்களின் மண். 1850ஆம் ஆண்டு அமெரிக்க நிலக்கொடைச் சட்டம் குடியேறிய தம்பதிக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. அதே பத்தாண்டில் கலப்பூயாக்களைக் கிராண்ட் ரோண்டு என்ற ஒதுக்கிடத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். முதல் என்ற சொல்லை வந்தவர்களுக்குக் கொடுப்பது பொய்யாகிவிடும். 'வந்தேறி'யும் வேண்டாம், அதில் வசை ஏறிவிட்டது.

சிலப்பதிகாரம் புகாரின் மக்களைப் 'பதியெழு அறியாப் பழங்குடி' என்கிறது. ஊரைவிட்டுப் பெயர்ந்தே அறியாதவர்கள். அப்படியானால் ஊர்விட்டு எழுந்தவர்கள் 'பதியெழுகுடி'. பயனியர் குடும்பத்துக்கு இதையே முன்மொழிகிறேன். முதல் உரிமை கோராத சொல், வீட்டோடு கிளம்பியதையும் சொல்கிறது.

நீளம் என்று சிலர் சொல்லலாம். 'எழுகுடி' என்று சுருக்கிப் பார்த்தேன். எழுகடல் போல ஏழு குடி என்று படிக்க இடமிருப்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம், வேகன் டிரெயினுக்கு, அதாவது வரிசையாகச் சேர்ந்து போகும் வண்டிகளுக்கு, 'வண்டிச்சாத்து' என்ற பரிந்துரை. சாத்து வணிகர் கூட்டத்துக்கு உரியது. இவர்கள் விற்கப் போகவில்லை, குடியிருக்கப் போனார்கள். 'வண்டித்தொடர்' என்றே வைத்துக்கொள்ளலாம்.