கேமரன் மலைக்குப் போவதற்கு முன் வேன் படி

குழு: பினாங்கு குடும்பம்

வெள்ளி, இரவு 8:12

அண்ணன்: [படம்] வேன் படியில் வினைல் உரிந்துவிட்டது. ஜெலுத்தோங்கில் ஒரு கடையில் அலுமினியம் செக்கர் பிளேட் (மேலே கோடு கோடாகப் புடைத்த தகடு) அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். மேல் படி, கீழ்ப் படி இரண்டிலும் ஒட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். சிலிக்கோன் வீட்டிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடும்.

தங்கச்சி: பொம்பா (தீயணைப்பு) வண்டி மாதிரி இருக்கும் 😂 போடு போடு

பெரிய மாமா: படத்தில் இடது மூலை கறுத்திருக்கிறதே. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தாயா?

அண்ணன்: கொஞ்சம் உள்ளே இறங்குகிறது மாமா. தகடு போட்டால் மூடிவிடும்.

பெரிய மாமா: மூடிவிடும், அதுதானே தொல்லை. மழைத் தண்ணீர் எப்படியும் ஓரத்தில் புகுந்துவிடும், பிறகு காய வழியில்லை. மேலே பளபளவென்று தகடு, அடியில் பிளைவுட் சோறாகக் குழைந்துகொண்டிருக்கும். நீ பார்க்கும்போது கால் உள்ளே போயிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எடு. புதிதாகப் படகுக்குப் போடுகிற 12 மி.மீ. மரீன் பிளைவுட் போடு. வெட்டிய ஓரங்களில் எபோக்சிப் பிசின் பூச மறக்காதே, தண்ணீர் குடிப்பதே அங்கேதான். அப்புறம் தகடு பேசலாம்.

அண்ணி: படி மெத்துமெத்தென்று இருக்கிறது என்று நான் எப்போதோ சொல்லியாகிவிட்டது. குழுவிலும் பதிவாகட்டும்.

அண்ணன்: சரி, பதிவாகிவிட்டது. மாமா, கடைக்காரர் 3 மி.மீ. எடுக்கச் சொல்கிறார்.

சின்ன மாமா: வேனுக்குக் கனம் ஏறாதா?

பெரிய மாமா: 60க்கு 25 செ.மீ. துண்டுக்கு 3 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ, 2 மி.மீ. என்றால் 800 கிராம் சொச்சம். இரும்பு என்றால்தான் இதில் மூன்று மடங்கு. கனம் ஒரு பேச்சே இல்லை. ஆனால் அடியில் பிளைவுட் தாங்கும்போது 2 போதும். முன் ஓரத்தைக் கீழே மடக்க வேண்டும், அதற்கும் 2தான் வசதி. 5052 ரக அலுமினியம் இருக்கிறதா என்று கேள். 6061 டி6 என்ற கெட்டி ரகத்தைக் கொடுத்தால் மடக்கும் இடத்தில் வெடிக்கும். மடக்குவதைக் கடையிலேயே மெஷினில் செய்து வாங்கு, வீட்டில் சுத்தியலால் அடிக்காதே.

தம்பி: அளவுக்கு மைலோ அட்டைப்பெட்டியை வெட்டிப் படியில் வைத்துப் பார்த்துக் கொண்டுபோ அண்ணா. அந்த மூலை நேர்க்கோணம் கிடையாது, டேப் வைத்து அளந்தால் ஏமாற்றும்.

பெரிய மாமா: நல்ல யோசனை. அட்டையைவிடச் சுற்றிலும் 2 மி.மீ. குறைத்து வெட்டச் சொல். அந்த இடுக்கில்தான் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) உட்காரும், வெயிலில் தகடு விரியவும் இடம் வேண்டும். வெட்டிய ஓரத்தை அரம் போட்டு மழுக்கு, பிள்ளைகள் ஏறுகிற இடம்.

அண்ணன்: சிலிக்கோன் போதும்தானே?

பெரிய மாமா: பிழியும்போது வினிகர் வாடை வருகிறதா?

அண்ணன்: வரும்.

பெரிய மாமா: அது மீன்தொட்டிக்கு. காயும்போது அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். வண்டிக்கான பாலியூரித்தேன் சீலன்ட் வாங்கு, சிக்காஃப்ளெக்ஸ் 252 மாதிரி. காற்றில் இருக்கிற ஈரம்தான் அதைக் கெட்டியாக்கும். தகட்டுக்கு அடியில் ஓரத்திலிருந்துதான் மெதுவாக உள்ளே காயும், அதனால் சில நாள் யாரும் மிதிக்கக் கூடாது. ஒட்டும் இடம் மட்டும் எண்ணெய், தூசி, தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும்.

சின்ன மாமா: மேலே நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் போட்டுவிடு, அசையாது.

பெரிய மாமா: மேலே வேண்டாம். ஓட்டையில் தண்ணீர் நிற்கும், கால்விரலும் இடிக்கும். மடக்கிய முன்பக்கத்தில் போடட்டும், அங்கே தண்ணீர் வழிந்துவிடும். வேன் நிற்பது தஞ்சோங் தோக்கோங்கில், கடல் காற்று. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும், ஸ்க்ரூ தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி வரும். தகடு பெரிது, ஸ்க்ரூ சிறிது என்பதால் மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் நைலான் வாஷர் வை, ஓட்டையிலும் கொஞ்சம் சீலன்ட் விடு.

தம்பி: ரிவெட் அடித்தால்?

பெரிய மாமா: வேனின் இரும்பு உடம்பில் அடிக்கலாம். பிளைவுட்டில் பிடிக்காது, மரத்தைப் பிளந்துகொண்டு ஆடும்.

9:05

அத்தை: அம்மா பக்கத்தில் இருக்கிறார், எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வெறுங்காலோடு ஏறுகிற படியில் தகடு போட்டால் வெயிலில் சுடாதா என்று கேட்கிறார். செருப்போடு உள்ளே ஏறவும் விடமாட்டாராம்.

அண்ணன்: கறுப்பு கிரிப் டேப் ஒட்டிவிடுகிறேன் அத்தை.

தங்கச்சி: கறுப்பு இன்னும் சுடுமே அண்ணா

பெரிய மாமா: அம்மா கேட்டது சரியான கேள்வி, நான் யோசிக்கவில்லை பாருங்கள். செருப்பைக் கழற்றுவது கீழ்ப் படியில். அதற்கு மட்டும் தகடு. மேல் படியில் புது வினைல், முன் ஓரத்தில் ஓர் அலுமினியப் பட்டை போதும். தேய்வதும் வழுக்குவதும் அந்த ஓரத்தில்தான். கேமரனில் செம்மண் சேறு தகட்டுக் கோடுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டால் தகடும் வழுக்கும், ஒரு பிரஷ் எடுத்துப்போங்கள்.

அண்ணன்: பாதிக் காசு மிச்சம். பாட்டிக்கு ஸ்ட்ராபெரி வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள் அத்தை.

அத்தை: ஸ்ட்ராபெரி இருக்கட்டும், ஏறும்போது பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லையே என்கிறார்.

அண்ணி: 👏👏

பெரிய மாமா: கைப்பிடிக்கு ஸ்க்ரூ கூடாது, முழு ஆளும் தொங்குகிற இடம். பின்னால் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட வேண்டும். நான் காலையில் 8 மணிக்கு டிரில்லோடு வருகிறேன், நீ பிளைவுட்டை வெட்டி வை.

அண்ணன்: அப்படியென்றால் கேமரன் அடுத்த வாரம்.

தங்கச்சி: அண்ணா நான் லீவு போட்டாச்சு!!